டேஷ்போர்டு பளபளன்னு இருந்தா சுத்தம்னு நினைக்காதீங்க

வணக்கம் மக்களே! கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. உங்க கார் டேஷ்போர்டுல விரலை வெச்சு ஒரு இழு. வழுக்கிட்டுப் போகுதா? விரல் நுனியில பிசுக்குன்னு ஒட்டியிருக்கா? இதுதான் சிலிக்கான் எண்ணெய். வாட்டர் வாஷ் முடிஞ்சதும் கடைசியா அடிச்சு விடுவாங்களே, அந்த பாலிஷ். ரெண்டு நாள் மின்னும், அப்புறம் தூசியெல்லாம் இழுத்து வெச்சுக்கும். மத்தியான வெயில்ல டேஷ்போர்டு அப்படியே முன் கண்ணாடியில தெரியும், ரோடு மங்கிடும்.

முதல்ல இதை எடுக்கணும். வேக்குவம் போடாம துணியைத் தொடாதீங்க. மணல் துகள் இருந்தா கோடு விழுந்துரும். ஏசி வென்ட் இடுக்குக்கு ஒரு இன்ச் பெயிண்ட் பிரஷ் போதும். இதோட தகரப் பட்டியில இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கேன் பாருங்க, தகரம் பிளாஸ்டிக்கைக் கீறாம இருக்க.

அரை லிட்டர் தண்ணில 50 மில்லி ஆல் பர்ப்பஸ் கிளீனர். துணியில அடிங்க, டேஷ்போர்டுல நேரா அடிக்காதீங்க. பவர் விண்டோ ஸ்விட்சுக்குள்ள தண்ணி இறங்கினா உள்ள பச்சைக் களிம்பு பிடிச்சு, ஒரு நாள் கண்ணாடி பாதியிலயே நின்னுரும். துடைச்சதும் வெறும் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால இன்னொரு தடவை. இதைத்தான் முக்காவாசி பேர் விட்டுடறாங்க. கிளீனர் மிச்சம் பிளாஸ்டிக் வரிக்குள்ள காஞ்சு வெள்ளைத் திட்டா நிக்கும்.

லெதர் ஸ்டீயரிங் மின்னுதுன்னா அது கை வேர்வையும் எண்ணெயும்தான். புது லெதர் மங்கலாத்தான் இருக்கும். அதே கலவையைத் துணியில தொட்டு லேசாத் தேய்ச்சு எடுங்க. ஸ்டீயரிங்குலயும் பெடல்லயும் பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

டச் ஸ்கிரீனுக்குக் காஞ்ச மைக்ரோஃபைபர் துணி போதும். அம்மோனியா கலந்த கிளாஸ் கிளீனர் பட்டா மேல இருக்கற கோட்டிங் திட்டுத்திட்டா போயிரும். மேஜிக் ஸ்பாஞ்சுன்னு ஒரு வெள்ளைக் கட்டி விக்குறாங்களே, அது ரொம்ப நைசான உப்புத்தாள் மாதிரி. பளபளப்பான கருப்பு பேனல்ல வெச்சீங்கன்னா முடிஞ்சுது கதை.

நல்லாக் காஞ்சதும் ப்ரொடெக்டன்ட், அதாவது பிளாஸ்டிக்கை வெயில்ல இருந்து காப்பாத்தத் தடவற திரவம். தண்ணி பேஸ், யூவி தடுப்பு, மேட் ஃபினிஷ் (பளபளக்காதது), இந்த மூணும் லேபிள்ல இருக்கணும். முழு டேஷ்போர்டுக்கும் 10, 15 மில்லி தாராளம். ஸ்பாஞ்சுல எடுத்து மெல்லிசாத் தடவி, அஞ்சு நிமிஷம் விட்டு காஞ்ச துணியால துடைங்க. நிழல்ல மட்டும் செய்யுங்க, சூட்டுல வரிவரியாக் காஞ்சுரும். மாசம் ஒரு தடவை போதும். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, கத்திரி வெயில்ல முன் கண்ணாடிக்கு உள்ள வைக்கற 300 ரூபா சன்ஷேடு செய்யற வேலையை எந்த பாட்டிலும் செய்யாது.

முன் கண்ணாடியோட உள்பக்கம் கடைசியா. சூட்டுல டேஷ்போர்டுல இருந்து கிளம்பற ஆவி படிஞ்சு ஒரு மெல்லிய படலம் இருக்கும். ராத்திரி எதிர் வண்டி லைட்டுலதான் அது தெரியும். ஈரத்துணி ஒண்ணு, காஞ்ச துணி ஒண்ணு. உள்ள குறுக்கால துடைங்க, வெளிய மேலிருந்து கீழ. கோடு நின்னா எந்தப் பக்கம்னு பார்த்ததுமே தெரிஞ்சுரும்.