வீட்டில் 'சும்மா' இருப்பவர்களின் உழைப்பு: மரியா மீஸ்

(காட்சி: திருப்பூரை ஒட்டிய ஊர் ஒன்றில் வரிசை வீடு. திண்ணையில் பனியன் குவியல். நடுவே ஒரு பெண், கையில் சிறு கத்தரி.)

வணக்கம். பனியன் கம்பெனியிலிருந்து மூட்டையாக வந்திறங்கும் துணிகளில் தொங்கும் நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, அடுக்கித் திருப்பி அனுப்புவது இந்தத் திண்ணையின் அன்றாடம். கூலி துண்டுக் கணக்கில் வருகிறது. ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறேன்" என்பதே பதில். அந்தச் 'சும்மா'வைத் தம் ஆய்வின் மையத்தில் வைத்த ஜெர்மானியப் பெண்ணியச் சமூகவியலாளர் மரியா மீஸ் பற்றியது இந்தக் காணொளி.

மரியா மீஸ் 1931இல் ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில், 12 பிள்ளைகள் கொண்ட உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், 1963இல் புனே நகருக்கு வந்து ஜெர்மன் மொழி கற்பித்தார். அங்கே பழகிய பெண்களின் வாழ்க்கை எழுப்பிய கேள்விகளே, இந்தியப் பெண்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வாக விரிந்தன. கொலோன் நகரில் சமூகவியல் பேராசிரியராகப் பணியாற்றியபோது, மாணவியரோடு சேர்ந்து, அடிபட்டு வீட்டை விட்டு வெளியேறும் பெண்களுக்கான காப்பகத்தை 1976இல் அங்கு உருவாக்கினார். ஆய்வாளர் விலகி நின்று பார்க்கக் கூடாது, ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நின்று கீழிருந்து மேலே பார்க்க வேண்டும் என்று அவர் எழுதியது, தாம் நடந்துகாட்டிய வழியைத்தான்.

(காட்சி: வரைபடம். ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகம், நரசாப்பூர்.)

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1982இல் வெளிவந்த நரசாப்பூர் ஆய்வு. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை, அவ்வட்டாரப் பெண்கள் ஏராளமானோர் வீட்டுக்குள் அமர்ந்தபடியே செய்துவந்தனர். நூலைத் தரகர் கொடுப்பார். பின்னியதைத் தரகரே வாங்கிச் செல்வார். அது கடல் கடந்து விற்பனையாகும். சமையல், தண்ணீர், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் இடையே நாளில் பல மணி நேரம் பின்னியும் அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பக் கூலி. காரணம், வணிகர் கண்ணில் அவர்கள் தொழிலாளிகள் அல்லர், ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் இல்லத்தரசிகள். கணவன் சோறு போடுகிறான் என்ற கற்பிதம் இருக்கும்வரை, வயிறு நிறையும் அளவுக்குக் கூலி தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வீட்டு வாசலைத் தாண்டாததைப் பெண்களே குடும்பக் கௌரவமாகக் கருதியதால், ஒன்றுகூடிக் கேட்கும் வழியும் அடைபட்டது. இதனை மீஸ் 'இல்லத்தரசியாக்கம்' என்றார். ஒரு பெண்ணின் உழைப்பை மலிவாக்க, அவளை இல்லத்தரசி என்று அழைத்தாலே போதும் என்ற இந்தக் கண்டுபிடிப்பைவிடக் கூர்மையான ஒன்றை அவர் பிற்காலத்தில் எழுதவில்லை என்பது என் கருத்து.

(காட்சி: சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீடு.)

கொங்கு நாட்டுக் கண்ணுக்கு இது புதிதன்று. கைத்தறி வீட்டில் நெசவுக்கு முன் நூலைச் சிக்கெடுத்து, ராட்டையில் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய சிறு குச்சி, சுற்றிக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். தார் இல்லையேல், அதைச் சுமந்து தறியில் குறுக்கே ஓடும் நாடா ஓடாது. ஆனாலும் கூலி நெய்த துணிக்கே கணக்கிடப்படுவதால், தார் சுற்றிய மணி நேரங்கள் எந்தக் கணக்கிலும் தனியாக ஏறுவதில்லை. கூலி தொடாத வேலையோ இதற்கும் அப்பால் கிடக்கிறது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம்.

1986இல் வந்த தம் முக்கிய நூலில், பெண்கள், காலனி நாடுகள், இயற்கை ஆகிய மூன்றையும் விலையின்றிச் சுரண்டித்தான் உலகச் சந்தை வளர்ந்தது என்று மீஸ் வாதிட்டார். இந்தியச் சூழலியலாளர் வந்தனா சிவாவுடன் சேர்ந்து 1993இல், பெண் ஒடுக்குமுறையையும் இயற்கைச் சுரண்டலையும் இணைத்துப் பார்க்கும் சூழல் பெண்ணியம் பற்றி எழுதினார். சந்தையை விட்டு விலகித் தற்சார்பு வாழ்வுக்குத் திரும்ப வேண்டும் என்ற அவருடைய தீர்வை மட்டும் என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை. வயல்காட்டு வேலைக்குத் தானியம் மட்டுமே கூலியாக வாங்கிய பாட்டியின் பேத்திக்கு, பனியன் கம்பெனிச் சம்பளம் தன் பெயரில் வரும் முதல் பணம். அதை விட்டுவிடு என்பதைவிட, அதை நியாயமான கூலியாக்கு என்று கேட்பதே அவளுக்குப் பயன்படும்.

மீஸ் 2023 மே மாதம் மறைந்தார். வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்வோரை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தக் கோரும் 177ஆம் எண் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை.

(காட்சி: திண்ணை. மூட்டையை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புகிறது. அந்தப் பெண் கத்தரியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் செல்கிறார்.)