‘அப்பவே தெரியும்’ என்று சொல்கிறோமே, உண்மையில் தெரியுமா?

[திரையில்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. விசைப்படகுகள் கரையோரம் நெருக்கியடித்து நிற்கின்றன.]

வணக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்களுக்கு, இந்த விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் அரசு விதித்திருக்கும் தடை அது. குற்றவுணர்வைப் பற்றிப் பேச வந்தவன் மீன்பிடித் தடைக்காலத்தில் ஏன் தொடங்குகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் பெரியம்மா எடுத்த ஒரு முடிவு இந்த 61 நாள்களில்தான் பிறந்தது.

பெரியம்மா காசிமேட்டில் ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்பவர். தடைக்காலத்தில் கருவாடு விற்பார். அதுவும் போதாமல் போனால் தண்டலுக்குப் பணம் வாங்குவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், அதே தெருவில் இருக்கும் ஓர் அக்கா, ஒரு லட்சம் கட்டினால் மாதம் 8000 ரூபாய் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைப் பற்றி அவரிடம் சொன்னார். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையைப் பெரியப்பாவுக்குத் தெரியாமல் விற்று, பெரியம்மா மூன்று லட்சம் கட்டினார். நான்கு மாதம் 24,000 ரூபாய் தவறாமல் வந்தது. ஐந்தாவது மாதம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மிச்சம் 2,04,000 ரூபாய் போனது போனதுதான்.

[திரையில்: ஒரு குறுகிய சந்து. வாசல்களில் பெண்கள்.]

அதற்குப் பிறகு வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம், “எனக்கு அப்பவே தெரியும்.” பெரியப்பா சொன்னார். நாத்தனார் சொன்னார். நகை விற்ற விஷயமே தெரியாத மாமாவும் சொன்னார். திட்டத்தைச் சொன்ன அக்கா வீட்டு வாசலில் சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்த அக்காவும் ஐந்து லட்சத்தை இழந்தவர் என்பதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. ஏமாற்றியவன் எங்கேயோ போய்விட்டான். கோபத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இந்த ‘அப்பவே தெரியும்’ என்பதை உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 1975இல் பாரூக் ஃபிஷாஃப் என்னும் ஆய்வாளர், பிரிட்டிஷாருக்கும் நேபாளத்தின் கூர்க்காக்களுக்கும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு முடிவு எதுவும் சொல்லப்படவில்லை. மற்றவர்களுக்கு ஏதேனும் ஒரு முடிவு உண்மையில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. முடிவைக் கேட்டவர்கள், அது நடப்பதற்கான வாய்ப்பு முன்பே அதிகமாக இருந்தது என்று மதிப்பிட்டார்கள். அந்த முடிவை அறிந்துகொண்டதுதான் தங்கள் மதிப்பீட்டை மாற்றியது என்பதை அவர்கள் உணரவே இல்லை. பெரியப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நடந்ததை அறிந்த மனம், அறியாத மனம் எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நெருங்கிய இன்னொரு பிழையும் உண்டு. மருத்துவர் எடுக்கும் ஒரே தீர்மானத்தை, நோயாளி பிழைத்தால் நல்ல தீர்மானம் என்றும் இறந்தால் மோசமான தீர்மானம் என்றும் மக்கள் மதிப்பிடுவதை ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி ஆகிய இருவரும் 1988இல் காட்டினார்கள். எங்கள் தெருவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. அதே நிறுவனத்தில் முன்னதாகவே பணம் போட்டு, அது மூடுவதற்கு முன் எடுத்துவிட்ட ஒரு பெண்மணியை இன்றைக்கும் ‘கெட்டிக்காரி’ என்கிறார்கள். அவரும் பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டது ஒரே மாதிரியான தாளில்.

அப்படியானால் பெரியம்மா மீது தவறே இல்லையா? இருக்கிறது. குற்றவுணர்வு கொண்டவரைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு ‘உன் மேல தப்பே இல்ல’ என்று சொல்பவர்கள் அவருக்கு உதவுவதில்லை என்பது என் எண்ணம். அந்த வார்த்தை பொய் என்று அவருக்கே தெரியும். செய்ய வேண்டியது, அன்றைக்கு அவர் அறிந்திருந்தவை எவை, அறிந்திருக்கக் கூடியவை எவை, அறியவே முடியாதவை எவை என்று பிரித்துப் பார்ப்பதுதான். மாதம் 8000 என்றால் ஆண்டுக்கு 96,000. போட்ட பணம் ஏறக்குறைய ஓராண்டிலேயே வட்டியாகத் திரும்புகிறது என்னும் கணக்கு, மீன் ஏலத்தில் ரூபாய்க்கு ரூபாய் பேரம் பேசுகிறவருக்குப் போடத் தெரியாத கணக்கில்லை. ஆனால் போடவில்லை. கணவரிடம் மறைத்ததும் அவர் செய்ததே. நிறுவனத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் அறிந்திருக்க வழியே இல்லை. தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோனது அவர் தேர்ந்தெடுத்த ஒன்றன்று.

[திரையில்: எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகள்.]

காரணம், குற்றம், பொறுப்பு என்னும் மூன்று சொற்களைப் பேச்சில் நாம் ஒன்றாகவே கலந்துவிடுகிறோம். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னார்: தன் பங்கில் எந்தத் தவறும் இல்லாமல் லாரி ஓட்டிவரும் ஒருவரின் வண்டியில் ஒரு குழந்தை அடிபடுகிறது. அவர் குற்றவாளியில்லை. ஆயினும் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வரும் வருத்தமும் இவருக்கு வரும் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது. ‘என் கையால் நடந்தது’ என்கிற அந்த உணர்வு அவருக்கு வராமலே போனால், அவரைப் பற்றி நாமே சந்தேகப்படுவோம். இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், இந்த வேறுபாட்டை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

இங்கே ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அந்த விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். கல்லூரியில் சேர்ந்த புதிது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதில் எனக்குப் பெருமை. வாரிசுதாரர் பெயர் என்ற இடத்தில் பெரியம்மாவின் மகளான என் அக்காவின் பெயரை எழுதியது நினைவிருக்கிறது. தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது. செய்த தவறுகள் உடனடியாகச் சுடும் என்றும், நீண்ட காலம் கழித்து மனத்தில் நிற்பவை செய்யாமல் விட்டவையே என்றும் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1995இல் எழுதினார்கள். என்னளவில் அது சரியாகவே இருக்கிறது.

வள்ளுவர் 655ஆம் குறளில் ‘எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று’ என்கிறார். பின்னர் வருந்தும்படியான செயலைச் செய்யாதே என்ற முதற்பகுதியில் குழப்பமில்லை. ‘மற்றன்ன செய்யாமை’ என்பதற்கு, அத்தகைய செயலை மீண்டும் செய்யாதிருத்தல் என்று மு. வரதராசனார் பொருள் கொள்கிறார். பரிமேலழகரோ, செய்துவிட்டால் பின்னர் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிராமை நன்று என்கிறார். எனக்கு நெடுநாளாக மு.வ. உரையே போதுமானதாக இருந்தது. எட்டு மாதம் கூடையை எடுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்த பிறகுதான் பரிமேலழகர் எதைக் கண்டு அப்படி எழுதியிருப்பார் என்று யோசித்தேன்.

அந்த எட்டு மாதமும் அவர் புகார் கொடுக்கவில்லை. 1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்னும் உளவியலாளர் குற்றவுணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டினார். ‘நான் செய்தது தவறு’ என்பது முதலாவது. ‘நானே தவறானவள்’ என்பது இரண்டாவது. முதலாவது, செய்ததைச் சரிசெய்யத் தூண்டும். இரண்டாவது, முகத்தை மறைத்துக்கொள்ளச் சொல்லும். இப்படிப் பணம் திரட்டி ஏமாற்றும் நிறுவனங்களின் சொத்துகளை முடக்கி, முதலீட்டாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புகாரை விசாரிப்பதற்குக் காவல்துறையில் பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டுமானால், நகையை விற்றேன் என்று ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் ‘அப்பவே தெரியும்’ என்று தினமும் கேட்பவரால் அதைச் சொல்ல முடியாது.

மாற்றம் பெரியப்பாவிடமிருந்து வந்தது என்பது எனக்கே வியப்புதான். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே அவர், “நாலு மாசம் காசு வந்தப்ப எங்கேர்ந்து வருதுன்னு நானும்தான் கேக்கல, தின்னேன்” என்றார். பெரியம்மா ஒன்றும் பதில் சொல்லாமல் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். அடுத்த வாரமே மூவரும் புகார் கொடுக்கப் போனோம்.

[திரையில்: ஒரு மேசை. வெற்றுப் படிவம். பந்துமுனைப் பேனா.]

வழக்கு இன்னும் நடக்கிறது, பணம் வரவில்லை. அன்றைக்கு அந்த அலுவலக வராந்தாவில் பெரியம்மா படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைத் திறந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இதையும் நீயே எழுதுடா. ஆனா எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தபா முழுசா படிச்சுக் காட்டு. பின்னாடி பக்கத்தையும்.”