கம்பியூட்டர் சயன்ஸ் பிஎச்டின்னா ஏஐ மட்டுமா? தலவாக்கலையில இருந்து ஒரு கதை

வணக்கம் மக்களே. இன்னைக்கு இலங்கை மலையகத்துல தலவாக்கலையில இருந்து கதைக்கிறேன். பின்னால மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்குது, மப்பு விலகினா உங்களுக்கும் தெரியும். விலகலன்னா என்னைத்தான் பாக்கணும், வேற வழியில்ல.

விசயத்துக்கு வாறேன். கம்பியூட்டர் சயன்ஸ்ல பிஎச்டி செய்யுறேன்னு சொன்னா நம்ம பக்கம் ரெண்டு கேள்விதான் வரும். பெரியவங்கன்னா, "அப்போ ஃபோன் திருத்துவியா தம்பி?" கெம்பஸ் பிள்ளைங்கன்னா, "ஏஐ தானே அண்ணே?" பெரியவங்க கேட்டா பேசாம ஃபோனை வாங்கிப் பாத்துருவேன். பிள்ளைங்க கேக்குறதுக்குத்தான் இந்த வீடியோ.

ஏஐ ஒரு பிரிவு. பெரிய பிரிவு, இப்போ காசும் அங்கதான் கொட்டுது, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தத் துறையில ஆய்வேடுன்னு வந்ததெல்லாம் எங்க எங்க போயிருக்குன்னு பாருங்க. 1963ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஐவன் சதர்லாண்ட் குடுத்த ஆய்வேடு, திரை மேல ஒளிப்பேனாவால கோடு வரையுற ஒரு ப்ரோகிராம். ஸ்கெட்ச்பேட்னு பேரு. நீங்க இப்போ ஃபோன்ல விரல் வச்சு இழுக்குறதுக்கெல்லாம் பாட்டன் அது. 1965ல அமெரிக்காவுல கம்பியூட்டர் சயன்ஸ்னு பேர் போட்டே குடுத்த முதல் பிஎச்டிகள்ல ஒண்ணை வாங்கினவங்க ஒரு கன்னியாஸ்திரி, சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர். 1974ல யூட்டா பல்கலைக்கழகத்துல எட் கட்மல், வளைஞ்ச பரப்புகளைக் கம்பியூட்டர்ல எப்படி வரைஞ்சு காட்டுறதுன்னு எழுதினார். பிறகு பிக்ஸார்னு கார்ட்டூன் படக் கம்பனி தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

சரி, பழைய கதை போதும். நம்ம தோட்டத்துக்கே வருவோம்.

கொழுந்து லொறி பாத்திருப்பீங்க. ஃபெக்டரியில இருந்து கிளம்பி, கொழுந்து நிறுக்குற கொட்டில், அதான் மடுவம், மடுவம் மடுவமா போய், நிறுத்து வச்ச கொழுந்தை ஏத்திக்கிட்டுத் திரும்பணும். சுணங்கினா சாக்குக்குள்ள கொழுந்து சூடேறிச் சிவந்து போகும், தேயிலைத் தரம் போச்சு. எந்த மடுவத்துக்கு முதல்ல போறது? 10 மடுவம் இருந்தா 36,28,800 விதமா வரிசை போடலாம். 20 மடுவம்னா, 24ன்னு எழுதி பின்னால 17 சைபர் போடுங்க, கிட்டத்தட்ட அவ்வளவு. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து முடியாது. லொறி அண்ணன்மாருக்கு அனுபவத்துல ஒரு வழி தெரியும், அது நல்ல வழியாவும் இருக்கும். ஆனா அதுதான் ஆகச் சிறந்ததுன்னு அவராலயும் சொல்ல முடியாது, கம்பியூட்டராலயும் லேசுல சொல்ல முடியாது.

1976ல கிறிஸ்டோஃபிடிஸ்னு ஒருத்தர் ஒரு முறை கண்டுபிடிச்சார். அந்த முறையில பாதை போட்டா, ஆகச் சிறந்த பாதையோட ஒண்ணரை மடங்கைத் தாண்டவே தாண்டாதுன்னு நிரூபிச்சும் காட்டினார். அதுக்குப் பிறகு 40 வருசத்துக்கு மேல, எல்லா ஊருக்கும் பொருந்துற மாதிரி அந்த ஒண்ணரையை யாராலயும் இறக்க முடியல. 2020ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல அன்னா கார்லின், ஷயான் ஒவைஸ் கரான், அவங்ககிட்ட பிஎச்டி செஞ்சுக்கிட்டிருந்த நேதன் க்ளைன், இந்த மூணு பேரும் இறக்கினாங்க. எவ்வளவு இறக்கினாங்கன்னு கேளுங்க. தசமப் புள்ளி வச்சு, 35 சைபர் போட்டு, கடைசியில ஒரு 1 போடுங்க. அவ்வளவுதான்! லொறிக்கு ஒரு சொட்டு டீசல் மிஞ்சாது. ஆனா அந்த ஒண்ணரை அசையும்னு தெரிஞ்சு போச்சு. உலகம் முழுக்க இந்தத் துறைக்காரங்க துள்ளிக் குதிச்சாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பொறாமையும் வந்துச்சு.

இதுல நமக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. அந்தக் கணக்கு, போற செலவும் வாற செலவும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டுப் போட்டது. நம்ம ரோட்டுல வெறுஞ்சாக்கோட இறங்குறதும், கொழுந்தை ஏத்திக்கிட்டு முதல் கியர்ல முனகிக்கிட்டு ஏறுறதும் ஒண்ணா? போறதும் வாறதும் வேற வேறன்னு வந்தா கணக்கு இன்னும் மோசமாகுது. எத்தனை மடுவம் இருந்தாலும் ஆகச் சிறந்ததோட இத்தனை மடங்குக்குள்ள நிக்கும்னு, மாறாத ஒரு எண்ணைச் சொல்லவே 2017 வரைக்கும் ஆயிருச்சு. அதைச் செஞ்ச மூணு பேர்ல யாகுப் டார்னாவ்ஸ்கி அப்போ சுவிட்சர்லாந்துல பிஎச்டி மாணவர். அதுவும் மலை நாடுதான், பாத்துக்கங்க.

இப்படி ஒரு ஆய்வேட்டுல ஒரு வரி கோட்கூட இல்லாம இருக்கலாம். பேனா, தாள், நிரூபணம், அவ்வளவுதான். "கோடிங் வராது, கணக்கு நல்லா வரும், பிஎச்டி செய்யலாமா?"ன்னு கேக்குற தம்பி தங்கச்சிமாருக்கு இதுதான் பதில்.

இனி ஏஐக்கு வாறேன், கொஞ்சம் திட்டவும் போறேன்.

இங்க தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்துலதான் இருக்கு, அதனால இந்த உதாரணம். தேயிலையில கொப்புள நோய் தெரியும்தானே? பூஞ்சை நோய். மழையும் மப்பும் குளிரும் சேர்ந்தா பிடிக்கும், அதுவும் நம்ம பறிக்கிற இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். ஃபோன்ல போட்டோ எடுத்து நோயைக் கண்டுபிடிக்கிற மொடல் செய்யப் போறேன்னு நிறையப் பேர் கிளம்புறாங்க. இலையைப் பிடுங்கி, வெள்ளைத் தாள்ல வச்சு, நல்ல வெளிச்சத்துல படம். ஒரே செடியோட படத்துல பாதியைப் படிக்கக் குடுத்து, மீதியை வச்சே பரீட்சை. மார்க் ஏன் அள்ளாது?

மலைக்குக் கொண்டு போனா என்ன நடக்கும்? இலை நனைஞ்சிருக்கும், லென்ஸ்ல ஆவி படிஞ்சிருக்கும், எடுக்குற அக்காவோட கை ஈரம். அதை விட முக்கியமா, கொப்புளம் வெள்ளையா உப்பி நிக்கிறது இலைக்கு அடியில. மேல இருந்து பாத்தா சின்னக் குழி மாதிரிதான் தெரியும். அடியில வெள்ளை தெரியுற நேரம் வித்துகள் காத்துல பறக்கத் தொடங்கியிருக்கும், மருந்தடிச்சு அந்த இலையைக் காப்பாத்த முடியாது. அதுக்கு முந்தி, மங்கின மஞ்சள் புள்ளியா இருக்கும்போதே கண்டுபிடிக்கணும். ஈரத்துலயும் மப்புலயும், பாக்காத தோட்டத்துலயும் மொடல் ஏமாறாம இருக்கணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். இந்தக் கடைசி ஒண்ணே ஒரு முழு பிஎச்டிக்குப் போதும். இன்னொரு புது மொடலை எடுத்து அதே வெள்ளைத் தாள் படத்துல ஓட்டுறது ஆராய்ச்சின்னு எனக்குத் தோணல. கோவிச்சுக்காதீங்க.

மனுசங்களை வச்சுச் செய்யுற பிரிவும் இருக்கு. பதுளை மாவட்டத்துல கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில மண் சரிஞ்சு, தோட்டத்து ஆளுங்க இருந்த வரிசை வீடுகளை, லயத்தோட மூடிருச்சு. அந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை வந்திருந்துச்சு. மழைமானி, மண்ணுக்குள்ள சென்சர், எப்போ சரியும்னு கணிக்கிற மொடல், எல்லாம் தேவைதான். ஆனா எச்சரிக்கை எந்த மொழியில, யார் ஃபோனுக்கு, எத்தனை மணிக்கு வருது? சிக்னல் இல்லாத லயத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? ராத்திரி 2 மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? போன தடவை ஒண்ணும் நடக்கலன்னா இந்த தடவை யார் நம்புவாங்க? லயம் லயமா போய், உக்காந்து கதைச்சு, குறிப்பெடுத்து, அதுக்கேத்த மாதிரி ஒரு முறையை வடிவமைக்கிறதும் கம்பியூட்டர் சயன்ஸ் பிஎச்டிதான். நான் தொடக்கத்துல இருந்து தொடங்குறதா இருந்தா இதைத்தான் எடுப்பேன்.

மத்ததெல்லாம் வேகமா. பூட்டின தரவைத் திறக்காமலே அதுக்குள்ள கணக்குப் போடலாம்னு 2009ல க்ரெய்க் ஜென்ட்ரி ஸ்டான்ஃபோர்ட் ஆய்வேட்டுல காட்டினார். உங்க வைத்திய ரிப்போர்ட்டைப் பாக்காமலே கம்பியூட்டர் அதை ஆராயலாம்னு வச்சுக்கங்களேன். இன்னும் அது சுணக்கமாத்தான் ஓடுது, அந்தச் சுணக்கத்தைக் குறைக்கவே ஆளுக்கொரு பிஎச்டி நடக்குது. ப்ரோகிராம் தப்பாப் போகவே போகாதுன்னு கணிதத்தால நிரூபிக்கிறவங்க இருக்காங்க. பத்து சேர்வர்ல ஒண்ணு செத்தாலும் மத்ததெல்லாம் ஒரே கணக்கைச் சொல்ல வைக்கிறவங்க இருக்காங்க. நம்ம தோட்டத்துப் பேச்சை மெசின் விளங்கிக்கிறது இன்னொரு வேலை, அதைத் தனி வீடியோவா போடணும்.

கடைசியா, சுப்பவைசருக்கு ஈமெயில் எழுதுறவங்களுக்கு. "ஏஐயில ஆர்வம் இருக்கு சேர்"னு எழுதாதீங்க, அவருக்கு அப்படி தினமும் வருது. ஒரே ஒரு கேள்வியை நாலு வரியில எழுதுங்க. அதுக்கு இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்காங்க, எங்க இடிக்குதுன்னு இன்னொரு நாலு வரி. அவர் எழுதின ரெண்டு கட்டுரையாவது படிச்சுட்டு அனுப்புங்க.

உங்க தோட்டத்துல, உங்க வேலையில, இப்படி இடிக்கிற விசயம் இருந்தா கீழ எழுதுங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. அதுல சிலதை எடுத்து, அது எந்தப் பிரிவு ஆராய்ச்சிக்குள்ள வருதுன்னு அடுத்த வீடியோவுல பாப்போம். மழை பிடிச்சிருச்சு, மைக் நனையுது. வாறேன்.