முக்கால் பங்கு ஒளி

நேயர்களுக்கு வணக்கம். வன்னியில் இன்று பலரின் கைகளில் இருக்கும் கைத்தொலைபேசிகளில் ஒரு பகுதி, பின்விளக்கு ஏதுமின்றித் தாமே ஒளிரும் ஓலெட் திரைகளைக் கொண்டவை. அத்திரைகளின் பச்சைக்கும் சிவப்புக்கும் காரணமான இரிடியம் என்ற பார உலோகத்தைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

1987 இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும், காபன் சேர்வைகளாலான மிக மெல்லிய இரு சேதனப் படலங்களை மின்வாய்களுக்கிடையே வைத்து, 10 வோல்ற்றுக்கும் குறைந்த அழுத்தத்தில் ஒளிரச் செய்தனர். ஒரு புறமிருந்து இலத்திரனும் மறுபுறமிருந்து துளையும், அதாவது இலத்திரன் இல்லாத வெற்றிடமும், வந்து ஒரு மூலக்கூறில் சேரும்போது அது கிளர்ச்சியடைகிறது. அக்கிளர்ச்சி தணியும்போது ஒளி பிறக்கிறது. ஆனால், தற்சுழற்சி போன்ற இயல்பான இலத்திரனின் கறங்கலுக்குரிய விதிப்படி, நான்கு கிளர்ச்சிகளில் ஒன்றுதான், கறங்கல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் ஒற்றைநிலையில் அமையும். மற்ற மூன்றும் அவ்வாறு ஈடுசெய்யாத மும்மைநிலையில் அமையும். சாதாரண சேதன மூலக்கூறில் மும்மைநிலை ஒளிர்வதற்கு அதே விதி தடையாக நிற்பதால், அச்சக்தி வெப்பமாகக் கழிந்துவிடும். இரணைமடுக் குளத்தில் சேர்ந்த நீரில் ஒரு பங்கு மட்டும் துருசு வழியே வயலுக்குப் போக, மூன்று பங்கு வான் பாய்ந்து வீணாவதைப் போன்ற நட்டம் அது. கமக்காரர் எவரும் பொறுக்காத அந்த நட்டத்தை இத்துறையினர் பத்தாண்டு பொறுத்திருந்தனர்.

1998 இல் அமெரிக்க ஆய்வாளர்களான பொரஸ்ட், தொம்சன் ஆகியோரின் குழு, பிளாற்றினம் அணுவை நடுவில் கொண்ட, போபிரின் என்ற வளைய வடிவச் சேர்வையொன்றைப் பயன்படுத்தி, மும்மைநிலையிலிருந்தே சிவப்பு ஒளியைப் பெற்றது. பாரமான அணுவில் இலத்திரனின் கறங்கலும் அதன் சுற்றியக்கமும் வலுவாகப் பிணைவதால் அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது. எனினும் அச்சேர்வை ஒளிரப் பல பத்து மைக்ரோசெக்கன்கள் எடுத்தமையால், மின்னோட்டத்தைக் கூட்டியபோது கிளர்ந்த மூலக்கூறுகள் நெரிசல்பட்டு வினைத்திறன் வீழ்ந்தது. மறு ஆண்டே இரிடியம் வந்தது. பினைல்பிரிடீன் என்ற சேதன அலகுகள் மூன்று சூழ்ந்த அந்த இரிடியச் சிக்கல் சேர்வை, பார்ப்பதற்கு வெறும் மஞ்சள் தூள். புறஊதா விளக்கின்கீழ் பிடித்தால் பளிச்சென்ற பச்சை. ஒன்றிரண்டு மைக்ரோசெக்கனில் அது ஒளிர்ந்துவிடும். 2001 அளவில், இதன் இனத்துச் சேர்வையொன்றில், உள்ளே உருவாகும் கிளர்ச்சிகளில் ஏறத்தாழ அனைத்துமே ஒளியாக மாறுவதைக் காட்டினார்கள். அவ்வொளியில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் படலங்களுக்கும் உள்ளேயே சிக்கிக்கொள்வது வேறு கதை.

நீலம் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. நீல ஒளிக்குச் சக்தி கூடுதலாக வேண்டும். மும்மைநிலைகள் ஒன்றோடொன்று மோதும்போது அச்சக்தி ஓரிடத்தில் குவிந்து, மூலக்கூறின் பிணைப்பையே அறுத்துவிடும். ஆகவே கைத்தொலைபேசிகளில் நீலத்துக்கு நெடுங்காலமாகப் பழைய ஒற்றைநிலைச் சேர்வைகளையே பயன்படுத்தி வந்துள்ளனர். கிளிநொச்சியில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில், நுணுக்குக்காட்டியின் கீழ் அத்தகைய திரையொன்றைப் பார்த்தேன்: பச்சைப் புள்ளிகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருந்தன, நீலப் புள்ளிகளோ அவற்றைவிடப் பெரியனவாக இருந்தன. ஒரே அளவு ஒளியைப் பெரிய பரப்பிலிருந்து எடுத்தால் மின்னோட்டத்தின் அடர்த்தி குறையும், சேர்வையின் ஆயுளும் நீளும். முழு வெளிச்சத்தில் மணிக்கணக்காக ஒரே படத்தைக் காட்டிய திரையில், நாளடைவில் அந்த இடத்தின் வெள்ளை மஞ்சளாகத் தெரிவதற்கு, நீலம் முந்தித் தேய்வதே பெரும்பாலும் காரணம்.