ஹேலான் 1301-இன் கடைசி இலக்கம்

வணக்கம். தீயணைப்பு உருளைகளின் மேல் 1301, 1211 என்று எழுதியிருப்பதை ஏதோ தயாரிப்பு எண் என்றுதான் நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். உண்மையில் அது உள்ளேயிருக்கும் ஹேலான் வாயுவின் வாய்பாடு. இடமிருந்து வலமாகக் கார்பன், ஃபுளூரின், குளோரின், புரோமின் அணுக்களை எண்ணிக்கொண்டு வந்தால், 1301 என்பது ஒரு கார்பன், மூன்று ஃபுளூரின், குளோரின் இல்லை, ஒரு புரோமின் என்று விரிகிறது. இன்றைய பேச்சு அந்தக் கடைசி இலக்கத்தைப் பற்றியது.

தண்ணீர் தீயைக் குளிர்விக்கிறது. கரியமில வாயு ஆக்சிஜனை விலக்குகிறது. ஹேலானோ சுடருக்குள்ளேயே நுழைந்து, எரிதலைத் தொடரச் செய்யும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துணுக்குகளைப் புரோமினைக் கொண்டு பிடித்து அடக்குகிறது. பிடித்த புரோமின் செலவாகிவிடாமல் மறுபடியும் விடுபட்டு அடுத்த துணுக்கைத் தேடிப் போகிறது. அதனால்தான் அறைக் காற்றில் ஏறத்தாழ 5 சதவீதம் 1301 கலந்தாலே தீ அடங்கியது, உள்ளே இருந்தவர்களால் மூச்சுவிட முடிந்தது, கணினிகளும் நனையவில்லை. தீயணைப்பான் என்ற அளவில் இதற்கு நிகரான ஒன்று இன்னும் வரவில்லை என்பதே என் எண்ணம்.

ஆனால், வெளியேறிய வாயு அடுக்கு மண்டலத்தை எட்டிப் புற ஊதாக் கதிரால் உடைபடும்போது, செலவாகாத அதே புரோமின் ஓசோனிடமும் தன் வேலையைக் காட்டுகிறது. குளிர்சாதன வாயுக்களான சிஎஃப்சிகளில் ஒன்றான சிஎஃப்சி-11-இன் ஓசோன் அழிப்புத் திறனை 1 என்று கொண்டால், 1211-க்கு 3, 1301-க்கு 10 என்று, ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை மதிப்பிடுகிறது.

1987-இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கையும் அதன் பின்வந்த திருத்தங்களும், தீயணைப்புக்கான ஹேலான் தயாரிப்பை வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலும், வளரும் நாடுகளில் 2010 தொடக்கத்திலும் நிறுத்தின. வளர்ந்த நாடுகளில் சிஎஃப்சிக்கு 1996 வரை அவகாசம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: உயிர்காக்கும் பொருள், குளிர்சாதன வாயுவுக்கு முன்பே விடைபெற்றது! தீயை அணைத்ததைவிடச் சோதனையிலும் பயிற்சியிலும் கசிவிலும்தான் ஹேலான் அதிகம் வீணாகியது என்பதும், உருளைகளில் ஏற்கெனவே இருப்பதை மீட்டுச் சுத்திகரித்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதும் தெரியவந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. அந்தச் சேமிப்பை இத்துறையினர் 'ஹேலான் வங்கி' என்கிறார்கள். புதிய வரவு இல்லாத வங்கி.

அதிலிருந்து இன்றும் விடாமல் எடுத்துக்கொண்டிருப்பது விமானத் துறை. கழிவறைக் குப்பைத் தொட்டிகளுக்கும் கையடக்க அணைப்பான்களுக்கும் மாற்று கிடைத்துவிட்டது. எஞ்சினிலும் சரக்கு அறையிலும் பெரும்பாலும் 1301 தான் இருக்கிறது. தரையிறங்கும் வரை தீயை மணிக்கணக்கில் அடக்கிவைக்க வேண்டிய சரக்கு அறைக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட சில பொருள்கள், தீயில் ஏரோசால் தெளிப்புக் கலன் வெடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனையில், குறைந்த செறிவில் இருந்தபோது வெடிப்பின் அழுத்தத்தைக் கூட்டவே செய்தன.

கட்டடங்களில் சிக்கல் இவ்வளவு இல்லை. அங்கே ஹேலானுக்கு மாற்றாக வந்த எஃப்எம்-200 என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்கும் வாயு என்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட கிகாலி திருத்தத்தின் குறைப்புப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. நைட்ரஜன், ஆர்கான் கலந்த மந்த வாயுக்களுக்கு அந்தக் குறை இல்லை. உருளைகளின் எண்ணிக்கைதான் கூடும்.

உங்கள் கட்டடத்தில் 1211 என்றோ 1301 என்றோ எழுதிய பழைய உருளை இருந்தால், வேலை செய்கிறதா என்று திறந்து பார்க்காதீர்கள், பழைய இரும்போடும் போடாதீர்கள். ஹேலானை மீட்டெடுக்கும் வசதியுள்ளவர்களிடம் வால்வைத் தொடாமல் அப்படியே ஒப்படையுங்கள்.