புல்மோட்டை மணலில் ஒளிந்திருக்கும் 72

பிள்ளைகளே, திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டை. அந்தக் கரையில் மணல் கறுப்பாக இருக்கும், அள்ளிப் பாருங்கள், சாதாரண மணலைவிடப் பாரம். கறுப்பு இல்மனைட் என்ற கனியத்தால் வருவது, அதில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் இருக்கின்றன. கூடவே சிர்கோன் என்ற கனியமும் கிடக்கிறது, சிர்கோனியம் என்ற மூலகம் அதற்குள்தான் இருக்கிறது. இப்போது ஆவர்த்தன அட்டவணையில் 4ஆம் கூட்டத்தைப் பாருங்கள்: தைத்தேனியம் 22, சிர்கோனியம் 40, ஹாஃப்னியம் 72. மூன்றுமே நமது கரையில் இருக்கின்றன!

1789இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மனிய இரசாயனவியலாளர் இலங்கையிலிருந்து போன ஒரு சிர்கோன் கல்லைப் பகுத்துத்தான் சிர்கோனியத்தை அடையாளம் கண்டார். ஆனால் சிர்கோன் என்றாலே அதற்குள் கொஞ்சம் ஹாஃப்னியமும் இருக்கும், அது யார் கண்ணிலும் படவில்லை, 1923 வரைக்கும்.

ஏன் அவ்வளவு காலம்? இரண்டுக்கும் வெளி இலத்திரன்கள் ஒரே மாதிரி. சிர்கோனியத்துக்கு 4டி2 5எஸ்2, ஹாஃப்னியத்துக்கு 5டி2 6எஸ்2, இரண்டிலும் வெளியே நான்கு இலத்திரன்கள். சரி, ஒரு ஓடு கூடினால் அணு பெரிதாக வேண்டுமே என்று கேட்பீர்கள், நல்ல கேள்வி. இடையில் 4எஃப் உபசக்திமட்டத்தில் 14 இலத்திரன்கள் நிரம்புகின்றன, எஃப் இலத்திரன்களின் திரையிடல், அதாவது கருவின் இழுப்பை மறைக்கும் திறன், பலவீனம், அதனால் கூடிய புரோத்தன்கள் வெளி இலத்திரன்களை உள்ளே இழுத்துவிடுகின்றன. கடைசியில் இரண்டு அணுவின் ஆரையும் ஏறக்குறைய 160 பிக்கோமீற்றர்தான். வலுவளவும் பருமனும் ஒன்றாக இருந்தால் சோதனைக்குழாயில் எப்படிப் பிரித்தறிவது?

அப்புறம் வழி காட்டியது அணு எண். 1913இல் மோஸ்லி என்ற ஆங்கிலேய பௌதிகவியலாளர் எக்ஸ் கதிர்களை வைத்து மூலகங்களுக்குக் கருவின் ஏற்றத்தால் வரிசை போட்டார், 72ஆம் இடம் வெறுமையாக இருப்பது தெளிவானது. அது அருமண் மூலகமாக இராது, சிர்கோனியத்தின் இனமாகத்தான் இருக்கும் என்று நீல்ஸ் போர் என்ற டென்மார்க் பௌதிகவியலாளர் இலத்திரன் நிலையமைப்பை வைத்தே சொன்னார். கொஸ்டர், ஹெவெசி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோபன்ஹேகனில் சிர்கோனை எக்ஸ் கதிரில் பார்த்தார்கள், 72 அதற்குள் இருந்தது! இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரியாது.

ஆனால் கரு வேறு கதை. சிர்கோனியம் நியூத்திரனை அநேகமாக விட்டுவிடும், அதனால் அணு உலையில் எரிபொருள் குழாய் செய்கிறார்கள். ஹாஃப்னியமோ நியூத்திரனை விழுங்கும், அதனால் அது உலையின் தாக்கத்தை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல். குழாய்க்குப் போகிற சிர்கோனியத்திலிருந்து ஹாஃப்னியத்தைச் சிரமப்பட்டுப் பிரித்தே ஆக வேண்டும்.

இப்போது கொப்பியை எடுங்கள். 104ஆம் மூலகத்தின் இலத்திரன் நிலையமைப்பை அட்டவணையைப் பார்க்காமல் எழுதுங்கள், அது எந்தக் கூட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.