பக்கெட்டா, பொக்கேயா? ‘பயமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, வணக்கம்.

1990 முதல் 1995 வரை பிபிசியில் வந்த ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ நகைச்சுவைத் தொடரின் நாயகி, தன்னை மேல்தட்டுக்காரியாகக் காட்டிக்கொள்ளப் பாடுபடும் ஹயசிந்த் பக்கெட்டை ஆட்டிவைப்பது கர்வமா, பயமா? இதுதான் இன்றைய தலைப்பு. கர்வம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அந்த அம்மாளின் தொப்பியை நன்றாகவே பார்த்திருக்கிறார். முகத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். கணவர் ரிச்சர்டின் குடும்பப் பெயர் பக்கெட். ஆமாம், நம் குளியலறையில் இருக்கிறதே, அதே பக்கெட். அதை இந்த அம்மாள் பிரெஞ்சு ஒலியில் ‘பொக்கே’ ஆக்கிவிட்டார். வாளி பூங்கொத்தாகிவிட்டது! ஆனால் எழுத்தை மாற்றவில்லை, அங்கேதான் சிக்கல். உறையைப் பார்த்து வாசிக்கும் தபால்காரர் பக்கெட் என்றுதான் வாசிப்பார். அவரைத் திருத்தினால் அடுத்த ஆள் வருவார். வாயைத் திறந்தாலே வர்க்கம் தெரிந்துவிடும் இங்கிலாந்தில், இது நாள் முழுக்கக் காவல் காக்கிற வேலை. கர்வக்காரர் யாராவது இந்த வேலையைத் தலையில் கட்டிக்கொள்வாரா?

அடுத்து அந்த காபிக் காட்சி. பக்கத்து வீட்டு எலிசபெத் வருகிறார். கையில் ‘ராயல் டோல்டன்’ என்ற பெயர்பெற்ற ஆங்கிலேய நிறுவனத்தின், கையால் பூக்கள் வரைந்த பீங்கான் கோப்பை. முதலில் கை நடுங்கவில்லை. ஹயசிந்த் பார்க்கிறார், கோப்பையின் அருமையைச் சொல்கிறார், ஜாக்கிரதை என்கிறார். இப்போது சாசரில் கோப்பை தடதடவென்று ஆட, காபி சிந்துகிறது. வேறு இடத்தில் எலிசபெத்துக்கு இந்த நடுக்கம் கிடையாது. நடுவர் அவர்களே, காபியோடு சேர்த்துப் பரிமாறப்படுவது ஹயசிந்தின் பயம்! எலிசபெத்தின் சகோதரர் எம்மெட்டின் கதியும் இதுதான். ஹயசிந்த் தன்னைப் பார்த்ததும் எங்கே பாட ஆரம்பித்துவிடுவாரோ என்று, எம்மெட் வாசலைத் தாண்டும் முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். (ஹயசிந்தாக நடித்து இப்படிப் பயமுறுத்திப் பாடிய பட்ரீஷியா ரௌட்லெட்ஜ், 1968-இல் இசைநாடக நடிப்புக்காக அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர். கெடுத்துப் பாடவும் பயிற்சி வேண்டும்.)

தொலைபேசிக்கு வருவோம். தங்கை வயலெட் அழைக்கிறாள். மெர்சிடிஸ், சவுனா என்கிற வெப்பக் குளியல் அறை, மட்டக்குதிரை கட்ட இடம் எல்லாம் உள்ளவள் என்று ஹயசிந்த் உரக்கச் சொல்வது யாருக்காக? வயலெட்டுக்கே தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? அறையில் இருக்கிறவர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். வயலெட் புருஷனோடு சண்டை என்றதும் அந்தக் குரலை அடக்கப் படும் பாட்டைப் பாருங்கள்.

எதிரணியினர் ஆன்ஸ்லோவை இழுத்தார்கள். பனியனும் பீரும் தொலைக்காட்சியுமாகக் கிடக்கும், இன்னொரு தங்கை டெய்சியின் புருஷனை ஹயசிந்த் இளக்காரமாகப் பார்க்கிறார் என்றார்கள். பார்க்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஆன்ஸ்லோவின் ஓட்டைக் கார் டமாரென்று வெடித்துக்கொண்டு தன் தெருவுக்குள் நுழைந்தால் அவர் முகத்தில் வருவது இளக்காரமா? பதறிப் போகிறார். அக்கம்பக்கத்தார் பார்ப்பதற்குள் அவர்களை மறைத்தாக வேண்டுமே!

எதிரணியிலிருந்து அடுத்து வருகிறவருக்கு என் கேள்வி ஒன்றுதான். வயதான அப்பா டெய்சி வீட்டில்தான் இருக்கிறார். அவர் எங்கோ காணாமல் போய்விட்டார் என்று அழைப்பு வந்தால், ஹயசிந்த் தொப்பியை மாட்டிக்கொண்டு ரிச்சர்டோடு கிளம்பிவிடுகிறார். அங்கே வெளிக்கதவைத் தொட்டால் கழன்று விழும். வாசலில் கிடக்கும் பழைய காருக்குள்ளிருந்து நாய் குரைக்க, அந்த அம்மாள் புதருக்குள் விழுவார். அடுத்த முறை அழைத்தாலும் அதே தொப்பியோடு வந்து, அதே புதரில் விழுவார். சொந்தங்களை அற்பமாக நினைக்கிற கர்வக்காரி என்றால், தொலைபேசியை எடுக்காமலே இருந்திருக்கலாமே. ஏன் எடுத்தார்?

நன்றி, வணக்கம்.